பழவேற்காட்டு ஏரிக்கரைல குடும்பங்க எப்படி பொழைச்சாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைக்கிறது எப்படி

பழவேற்காட்டுக்கு போறவங்க நெறைய பேரு டச்சுக்காரங்க கல்லறையை போட்டோ எடுப்பாங்க, ஃப்ளெமிங்கோ வந்துருக்கான்னு பாப்பாங்க, இறால் வறுவல் சாப்ட்டுட்டு சாயங்காலம் பஸ் ஏறிடுவாங்க. 1613ல டச்சுக்காரங்க கட்டுன கெல்டிரியா கோட்டையை பத்தி தேடுனா பக்கம் பக்கமா கெடைக்குது. அந்த கோட்டை இருந்த எடத்துக்கு பக்கத்துலயே தலைமுறை தலைமுறையா வலை போட்ட குடும்பங்க எப்படி சோறு தின்னாங்க, எப்படி பொண்ண கட்டிக்குடுத்தாங்க, வாங்குன கடனை எப்படி அடைச்சாங்கன்னு தேடிப் பாருங்க, ரொம்ப கொஞ்சம்தான் கெடைக்கும். அதெல்லாம் பெரியவங்க ஞாபகத்துலதான் இருக்கு, அவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க. அதனால ஊர்ப் புள்ளைங்க, டீச்சருங்க, காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்றவங்க, யாரா இருந்தாலும் உக்காந்து கேட்டு எழுதணும்னு நெனைச்சா எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன். வேற ஏரிக்கரை ஊருக்கும் இதுல பாதிக்கு மேல ஒத்துவரும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கணும்னா இத வெச்சுக்கோங்க. "தாத்தா அந்த காலத்துல என்ன மீன் கெடைச்சுது"ன்னு ஆரம்பிச்சா, இம்மாம் பெரிய கொடுவா புடிச்சேன், படகு நெறைய இறால் வந்துச்சுன்னு நெறைய மீன் கெடைச்ச நாள் கதையாதான் வரும், கேக்க சூப்பரா இருக்கும், ஆனா அது வருஷத்துல நாலு நாள் கதை. மத்த நாளெல்லாம் எப்படி ஓடுச்சு? அதுக்கு கேக்க வேண்டிய கேள்வி வேற: "வலை போட உங்களுக்கு எந்த நாள் முறை, முறை இல்லாத நாள்ல அடுப்பு எப்படி எரிஞ்சுது?" இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் கெடைச்சிட்டா அந்த குடும்பம் பொழைச்ச வழி கிட்டத்தட்ட முழுசா வந்துரும்.

மொதல்ல தண்ணிய தெரிஞ்சுக்கோங்க

இந்த ஏரி நல்ல தண்ணி ஏரி கெடையாது, கடலும் ஆறும் கலக்குற உப்பங்கழி, இந்தியால சிலிகாவுக்கு அடுத்து ரெண்டாவது பெருசு. பெரும்பகுதி ஆந்திரா பக்கம், தெக்கு முனைதான் தமிழ்நாடு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல நீளமா ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெக்கால ஆரணியாறு வருது, மேக்கேர்ந்து காளங்கி, வடக்கால ஸ்வர்ணமுகி. ஆழம்னு பாத்தா பல எடத்துல இடுப்பளவு கூட இருக்காது. இதுல கடலோட சேர்ற முகத்துவாரம்தான் எல்லாத்துக்கும் உயிரு, ஏன்னா இறால் கடல்ல முட்டை போட்டு, குஞ்சு உள்ள வந்து ஏரில வளந்து, பெருசானதும் திரும்ப கடலுக்கு போகும், அது வெளிய போற வழில வலை வெச்சவனுக்குதான் நல்லா கெடைக்கும். முகத்துவாரம் மண்ணு மூடி அடைச்சிக்கிச்சுன்னா குஞ்சு உள்ள வராது, உள்ள இருக்கறது வெளிய போகாது, கோடைல தண்ணி வத்தி உப்பு ஏறி கடல் தண்ணிய விட உப்பா போயிடும்.

அதனால ஒரு பேப்பர்ல ஏரிய கோடு போட்டு வரைஞ்சு எடுத்துட்டு போங்க. அழகா இருக்கணும்னு இல்ல. முகத்துவாரம், லைட் ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், பக்கிங்ஹாம் கால்வாய், இவ்ளோ போதும். அத தாத்தா முன்னாடி வெச்சு "முகத்துவாரம் அப்ப எங்க இருந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க. அவரு வெரல வெச்சு நகத்துவாரு, இங்க இருந்துச்சு அப்பறம் இப்படி போச்சு, எந்த வருஷம் அடைச்சுக்கிச்சு, ஊர்க்காரங்க எல்லாம் மண்வெட்டி எடுத்துக்கிட்டு போயி எப்படி வெட்டித் தொறந்தாங்கன்னு தானா வரும். தண்ணிக்கு அடியில ஒவ்வொரு எடத்துக்கும் பேரு வெச்சிருப்பாங்க, அந்த பேரையெல்லாம் அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க, திருத்தாதீங்க. ஆந்திரா பக்கம் போனா அதே எடத்துக்கு தெலுங்குல வேற பேரு இருக்கும், அதையும் சேத்துக்கோங்க.

பாடு முறைய பத்தி கேக்கறது

இதுதான் மையம், நிதானமா கேக்கணும். முகத்துவாரத்துக்கு கிட்ட இருக்கற நல்ல எடங்கள்ல யாரு வேணா எப்ப வேணா வலை போட முடியாது. பட்டினவர்ங்கற மீனவ சமூகத்து குப்பங்களுக்குள்ள முறை வெச்சு, இன்னிக்கு இந்த ஊரு நாளைக்கு அந்த ஊருன்னு பிரிச்சு, ஊருக்குள்ள சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்கு எந்த எடம்னு முடிவு பண்ணுவாங்க, இதத்தான் பாடுன்னு சொல்றாங்க. நல்ல எடம் ஒருத்தன் கையிலேயே மாட்டிக்காம சுத்தி சுத்தி வரும். இதே மாதிரி கேரளால கொச்சிக் காயல்லயும், இலங்கைல நீர்கொழும்பு களப்புலயும் சீட்டு குலுக்கி முறை வெச்சு மீன் புடிச்சிருக்காங்க. பழவேற்காட்டுல இதுக்கு கவர்மெண்ட் போட்ட சட்டம் எதுவும் கெடையாது, ஊர் பஞ்சாயத்துதான் நடத்துச்சு, மீறுனா அபராதமும் அங்கதான்.

கேக்க வேண்டியது என்னன்னா, உங்க வீட்டுக்கு பாடு எப்படி வந்துச்சு, அப்பாகிட்டேர்ந்தா, எந்த வயசுல உங்கள தலைக்கட்டா சேத்துக்கிட்டாங்க, ஊருக்கு வரி எவ்ளோ கட்டுனீங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருந்தா ரெண்டு பேருக்கும் தனித்தனியா உண்டா, ஆம்பளை செத்துட்டா அந்த வீட்டுக்கு பாடு என்னாச்சு. கடைசி கேள்விய விட்றாதீங்க. விதவைக்கு பங்கு குடுத்தாங்களா, வேற ஒருத்தர் அவங்க பேர்ல போயி வலை போட்டு பாதி குடுத்தாரா, இல்ல ஒண்ணுமே இல்லையா, ஊருக்கு ஊரு வீட்டுக்கு வீடு இது மாறும், இந்த ஒரு பதில்லயே அந்த குடும்பம் அடுத்த பத்து வருஷம் எப்படி ஓட்டுச்சுன்னு தெரிஞ்சிரும்.

அப்பறம் பங்கு கணக்கு. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்குன்னு பிரிக்கறது கடலோரம் முழுக்க உண்டு, ஆனா இந்த ஊர்ல எத்தன பங்கு, கோயிலுக்கு எவ்ளோ, கூட வந்த சின்னப் பையனுக்கு அரைப் பங்கா கால் பங்கா, இதையெல்லாம் ஒரு குறிப்பிட்ட நாள எடுத்துக்கிட்டு கேளுங்க. "பொதுவா எப்படி பிரிப்பீங்க"ன்னு கேட்டா பொதுவான பதில்தான் வரும். "உங்க கல்யாணம் ஆன வருஷத்துல ஒரு நாள் பாடுக்கு போனீங்கள்ல, அன்னிக்கு யாரு யாரு வந்தாங்க, வந்தத எப்படி பிரிச்சீங்க"ன்னு கேட்டா ஆளு பேரோட வரும்.

இன்னொன்னு முக்கியமா சொல்லணும். இறாலுக்கு எக்ஸ்போர்ட் மவுசு வர்றதுக்கு முன்னாடி இந்த பாடுக்கு இருந்த மதிப்பு வேற, 1980கள்ல இறால் வெல ஏறுனதுக்கு அப்பறம் இருக்கற மதிப்பு வேற. வெல ஏறுனதும் எனக்கும் பங்கு வேணும்னு மத்த ஊருங்க கேட்டுச்சு, சண்டை வந்துச்சு. அதனால ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்துல இது இறால் வெல ஏறுனதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு குறிச்சுக்கோங்க, இல்லன்னா ரெண்டு காலமும் கலந்துபோயி ஒண்ணும் புரியாது.

பாடு இல்லாதவங்க வீட்டுக்கும் போங்க

நெறைய பேரு பாடு முறைய கேட்டுட்டு, ஆஹா என்ன அருமையான பகிர்வுன்னு எழுதிட்டு முடிச்சிடறாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. அந்த முறை உள்ள இருந்தவங்களுக்கு நியாயமா இருந்துச்சு, உண்மைதான், ஆனா அது பட்டினவர் சமூகத்து ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். அதே ஏரிய நம்பி இருளர் குடும்பங்க இருந்தாங்க, மத்த சாதிக்காரங்க இருந்தாங்க, அவங்களுக்கு முகத்துவாரத்து எடம் கெடையாது, ஓரத்துல ஆழம் இல்லாத எடத்துலதான் பொழப்பு.

இருளர் பொம்பளைங்க இறால் புடிக்கறத பாத்துருக்கீங்களா? வலை கெடையாது படகு கெடையாது, தண்ணில உக்காந்த மேனிக்கு நகந்துக்கிட்டே சேத்துக்குள்ள ரெண்டு கையாலயும் தடவித் தடவி புடிப்பாங்க, புடிச்சத போடற பனையோலைப் பறிய பல்லுல கடிச்சுக்கிட்டு இருப்பாங்க, ஏன்னா ரெண்டு கையும் தண்ணிக்குள்ள வேணுமே. மணிக்கணக்கா அப்படியே. கையில கிழிக்கும், நண்டு கடிக்கும், பனி மாசத்துல வெறைச்சுப் போயிடும். அவங்ககிட்ட எந்த எடத்துல தடவுவீங்க, தண்ணி ஏறும்போதா வத்தும்போதா, அமாவாசைக்கு எப்படி பௌர்ணமிக்கு எப்படி, புடிச்சத யாருகிட்ட குடுப்பீங்க, அவரு எடை போட்டாரா இல்ல கண்ணால பாத்து காசு குடுத்தாரான்னு கேளுங்க. இவங்க அறிவு எந்த பஞ்சாயத்து நோட்டுலயும் இருக்காது. ஸ்ரீஹரிகோட்டா தீவுல இருந்த யானாதி பழங்குடி குடும்பங்களும் இப்படித்தான், 1969ல அந்த தீவ ராக்கெட் தளத்துக்கு தேர்ந்தெடுத்ததுக்கு அப்பறம் அவங்க வெறகு பொறுக்குன காடும் மீன் புடிச்ச ஓரமும் வேலிக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. அங்கேர்ந்து எடம் பெயர்ந்தவங்க யாராச்சும் கெடைச்சா தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க.

ஆயாகிட்ட தனியா பேசணும்

தாத்தா பக்கத்துல உக்காந்துருந்தா ஆயா "அவரையே கேளுப்பா"ன்னு சொல்லிருவாங்க. தாத்தாவுக்கு தெரிஞ்சது புடிச்சு கரைக்கு கொண்டாந்து போடற வரைக்கும்தான், அதுக்கப்பறம் அது காசானது ஆயா கையிலதான். கூடைய தலைல வெச்சுக்கிட்டு ஊர் ஊரா நடந்து வித்ததா, பொன்னேரி மீஞ்சூர்னு மார்க்கெட்டுக்கு போனதா, போக காசு எவ்ளோ, கூட யாரு போனாங்க, விக்காம மிஞ்சுனத என்ன பண்ணாங்க. மிஞ்சுனது கருவாடு ஆகும், அதுக்கு உப்பு வேணும், வெள்ளக்காரன் காலத்துல உப்புக்கு வரி இருந்துச்சு, மீன் காயப் போடறதுக்குன்னே கவர்மெண்ட் யார்டு வெச்சு அங்க மட்டும் வரி இல்லாம உப்பு குடுத்தாங்க, ரொம்ப வயசானவங்க யாராச்சும் தன் ஆயா சொன்னதா இத ஞாபகம் வெச்சிருந்தா அது பெரிய பொக்கிஷம்.

அரிசிக்கு மீன் மாத்துனத கட்டாயம் கேளுங்க. உள்ள இருக்கற வெவசாய ஊருங்களுக்கு கருவாடு எடுத்துட்டு போயி நெல்லு வாங்கிட்டு வர்றது நடந்துருக்கு, அறுப்பு காலத்துல போனா எவ்ளோ, மத்த மாசத்துல போனா எவ்ளோ, தெரிஞ்ச வீடுன்னு வெச்சிருந்தாங்களா, அந்த வீட்டுக்காரம்மா வாசல்ல நிக்க வெச்சு குடுத்தாங்களா உள்ள கூப்ட்டாங்களா. வெலைய ரூபாயா மட்டும் எழுதிட்டு வந்தா பின்னாடி படிக்கறவங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. "ஒரு கூடை மடவை வித்தா எத்தன படி அரிசி வாங்கலாம்"னு கேளுங்க, அப்பதான் எந்த காலத்துக்கும் புரியும்.

கடன் விஷயமும் ஆயாகிட்டதான் சரியா கெடைக்கும். வலை வாங்க படகு வாங்க வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கறது, வாங்குனதுக்காக புடிச்சதையெல்லாம் அவருக்கே கொறைஞ்ச வெலைக்கு குடுக்கறது, அது அடையவே அடையாம அப்பா காலத்துலேர்ந்து புள்ள காலத்துக்கு வர்றது. கூடவே சீட்டு, அடகு வெச்ச கம்மல், பக்கத்து வீட்டுல வாங்குன கைமாத்து. எந்த மாசத்துல கம்மல் அடகுக்கு போகும் எந்த மாசத்துல மூட்டுவீங்கன்னு கேட்டா ஏரியோட வருஷக் கணக்கு அப்படியே கெடைக்கும்: ஐப்பசி கார்த்திகைல மழை பெஞ்சு ஆறு வந்து முகத்துவாரம் ஒடைச்சுக்கிட்டா அதுக்கப்பறம் கொஞ்ச மாசம் கையில காசு இருக்கும், சித்திரை வைகாசி ஆனா தண்ணி வத்தி கை காஞ்சுரும். எல்லா வீட்டுலயும் இதே மாசம்தான்னு சொல்ல முடியாது, அதனாலதான் வீடு வீடா கேக்கணும்.

மீனே இல்லாத வேலைங்க

இத சுருக்கமா சொல்றேன், ஆனா விட்றாதீங்க. பழவேற்காட்டுல முஸ்லிம் குடும்பத்து பொம்பளைங்க பனையோலைல பொட்டி, கூடை, தட்டுன்னு சாயம் போட்டு பின்னுவாங்க, இன்னிக்கும் நடக்குது. ஏரில கிளிஞ்சல் அள்ளி சுண்ணாம்பு காளவாய்க்கு குடுத்தவங்க உண்டு. 1806ல தோண்ட ஆரம்பிச்சு அப்பறம் நீட்டிக்கிட்டே போன பக்கிங்ஹாம் கால்வாய் வழியா வெறகு, உப்பு, கிளிஞ்சல் எல்லாம் படகுல சென்னைக்கு போச்சு, அந்த படகுல பாய் கட்டி, காத்து இல்லன்னா கரைல நடந்து கயிறு போட்டு இழுத்தவங்க யாரோட வீட்டுக்காரங்க? டச்சுக்காரங்க இங்க வந்ததே துணிக்குத்தான், சுத்துவட்டார நெசவு ஊருங்கள்ல இருந்தவங்களுக்கும் ஏரிக்காரங்களுக்கும் என்ன குடுக்கல் வாங்கல்னும் கேக்கலாம். பாடு இல்லாத நாள்ல ஆம்பளைங்க இதுல எந்த வேலைக்கு போனாங்க, வயசுப் பசங்க கட்டுமரம் எடுத்துட்டு கடல் பக்கம் போனாங்களான்னு கேட்டா ஒரே வீட்டுல மூணு நாலு தொழில் இருந்தது தெரிய வரும்.

வலைய பத்தி ஒரு கேள்வி கட்டாயம். நைலான் வர்றதுக்கு முன்னாடி பருத்தி நூல்ல வீட்டுலயே வலை பின்னுனாங்க, மரப்பட்டைய காய்ச்சி சாயம் போட்டாங்க, நனைஞ்சா காய வெக்கணும் இல்லன்னா மக்கிடும். அதாவது வீட்டுல இருக்கற கெழவர் கெழவி பசங்க எல்லாருக்கும் வேலை இருந்துச்சு, வலைக்குன்னு வெளிய குடுக்கற காசு கம்மி. நைலான் வந்ததும் வேலை கொறைஞ்சுது, ஆனா வலை கடையில வாங்கற பொருளாச்சு, கடனும் கூடுச்சு. உங்க வீட்டுல மொத நைலான் வலை எப்ப வந்துச்சு, யாரு காசு குடுத்தாங்கன்னு கேளுங்க.

வருஷத்த புடிக்கறது எப்படி

பெரியவங்களுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது, அது அவங்க தப்பு இல்ல. சம்பவத்த வெச்சு புடிங்க. அணால காசு வாங்குனீங்களா பைசாலயான்னு கேட்டா 1957க்கு முன்னாடியா பின்னாடியான்னு ஓரளவு தெரிஞ்சிரும் (மாறுனதுக்கு அப்பறமும் நாலணா எட்டணான்னு பேச்சுல சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க, அதனால இத மட்டும் நம்பிடாதீங்க). ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட் தளத்துக்கு எடம் எடுத்ததுக்கு முன்னாடியா, 1984 நவம்பர்ல ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை கடந்த புயலுக்கு முன்னாடியா, 2004 சுனாமிக்கு முன்னாடியா, 2015 வெள்ளமா, 2016 வர்தா புயலா. கூடவே வீட்டு சம்பவம்: மூத்த பொண்ணு பொறந்தப்பவா, புது படகு எறக்குனப்பவா. ரெண்டையும் சேத்தா ஒண்ணு ரெண்டு வருஷ வித்தியாசத்துல வந்துரும்.

ஒருத்தர் சொன்னத மட்டும் வெச்சு எழுதாதீங்க, ஒரே விஷயத்த ரெண்டு குப்பத்துல கேளுங்க, பாடு உள்ள வீடு ஒண்ணு இல்லாத வீடு ஒண்ணு. ரெண்டும் ஒத்துவரலன்னா எது சரின்னு நீங்களே முடிவு பண்ணாம ரெண்டையும் எழுதி யாரு சொன்னாங்கன்னு குறிங்க. காகிதத்துல பாக்கணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய செங்கல்பட்டு ஜில்லா பைல்ல ஏதாவது இருக்கான்னு தேடலாம், மெட்ராஸ் மாகாணத்துல மீன்வளத்துறை 1907லேயே ஆரம்பிச்சாச்சு, அவங்க பழைய அறிக்கைங்களயும் கேட்டுப் பாருங்க. ஆனா வீடு வீடா கேட்டதுக்கு அப்பறம் போங்க, மொதல்லயே அங்க போனா அதிகாரிங்க கேட்ட கேள்வியத்தான் நீங்களும் கேப்பீங்க.

உக்காந்து பேசும்போது

வலை கரைக்கு வர்ற நேரத்துல போயி மைக்க நீட்டாதீங்க, அது அவங்களுக்கு காசு எண்ற நேரம். மத்தியானம் சாப்ட்டு உக்காந்துருக்கும்போது, இல்ல பாடு இல்லாத நாள்ல போங்க. பொம்பளைங்கன்னா மார்க்கெட் போயிட்டு வந்து கொஞ்சம் அசதி தீந்த பெறகு. கரைல வெச்சு ரெக்கார்ட் பண்ணா காத்து சத்தம்தான் கேக்கும், வீட்டு திண்ணை இல்ல உள் ரூம் நல்லது. போனை ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டு, ரெக்கார்ட் பண்றேன்னு சொல்லி சம்மதம் வாங்கிட்டு ஆரம்பிங்க. வேலை கேள்விக்கு வாய் மட்டும் போதாது, கைல ஒரு நூல் ஊசிய குடுத்து வலை முடிச்சு போடச் சொல்லிப் பாருங்க, கை பேச ஆரம்பிச்சதும் மறந்துபோன பேரெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

கடன் குடுத்த வியாபாரி பேரு, பாடு சண்டைல யாரு யாரு இருந்தாங்க, யாரு வீட்டுல எந்த நகை அடகுக்கு போச்சு, இதெல்லாம் உங்க நோட்டுல இருக்கட்டும், ஆன்லைன்ல போடாதீங்க. இன்னிக்கும் அதே ஊர்ல அதே முறைல மீன் புடிக்கறாங்க, நீங்க போட்ட ஒரு வரி நாளைக்கு பஞ்சாயத்துல வந்து நிக்கும். அவங்க பேர போடலாமான்னு தனியா கேளுங்க, ரெக்கார்ட் பண்ண சம்மதம் சொன்னது பேர போட சம்மதம் ஆகாது.

எழுதி முடிச்சதும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து கொண்டுபோங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு நீங்களே சத்தமா படிச்சுக் காட்டுங்க, பேரப் புள்ளைங்க சுத்தி உக்காந்துருந்தா இன்னும் நல்லது. அப்பதான் "அது அப்படி இல்லப்பா, அன்னிக்கு கொண்டல் காத்து, வலை அந்தப் பக்கம்தான் போட்டோம்"னு திருத்தம் வரும், மொத தடவை சொல்லாத பாதி விஷயம் அப்பதான் வெளிய வரும். திருத்தத்த வேற கலர் பேனால தேதி போட்டு எழுதுங்க, முன்னாடி சொன்னத அடிக்காதீங்க, ரெண்டும் இருக்கட்டும். ஒரு காப்பி அந்த வீட்டுக்கு, ஒண்ணு ஊர் ஸ்கூலுக்கு குடுத்துட்டு, அடுத்து யாரு வீட்டுக்கு போகலாம்னு ஆயாகிட்டயே கேளுங்க.